மரத்தடியில் நிற்பவரை விலக்காதீர்கள்

பழம்பெரும் மரத்தைப் படமெடுக்கச் சொல்லித்தரும் எவரும் முதலில் சொல்வது இதைத்தான்: ஆளை விலக்கு. மேடை தெரியாத பக்கமாக நில். மின்கம்பி குறுக்கே வந்தால் இடம் மாறு. மாற வழியில்லை என்றால் பிறகு கணினியில் அழித்துவிடு. விடியலில் போ, பனிமூட்டத்தில் பின்னணி மறையும். வைட் ஆங்கிள் லென்ஸைத் தரையோடு வைத்து அண்ணாந்து எடு, மரம் வானத்தைத் தொடும். இவ்வளவையும் கடைப்பிடித்தால் நமக்குக் கிடைப்பது வெண்பனியில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு கரிய மரம். நாட்காட்டியில் வருவதும், கண்காட்சிச் சுவரில் தொங்குவதும், போட்டியில் பரிசு வாங்குவதும் பெரும்பாலும் அந்தப் படம்தான்.

இந்தக் கொள்கை தவறு என்பது என் கட்சி. அது மரத்தின் அளவைப் பொய்யாகக் காட்டுகிறது. மரத்தின் வரலாற்றை மறைக்கிறது. மரத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதைக் காப்பவர்களைப் படத்தைவிட்டு வெளியே தள்ளுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஃபிரேமுக்குள் மனிதர் வந்துவிட்டால் பார்ப்பவரின் கண் மனித முகத்தைத் தேடித்தான் ஓடும், மரம் பின்னணியாகிவிடும். இரண்டு, பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் உயிரைப் பிளாஸ்டிக் குடத்தோடும் சுவரொட்டியோடும் மோட்டார் சைக்கிளோடும் சேர்த்துக் காட்டினால் அதன் நெடுங்காலம் நம்முடைய இந்த வாரத்துக்குள் சுருங்கிவிடும். மூன்று, மனிதக் கை படாத இயற்கையைக் கண்ணால் கண்டால்தான் அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பிறக்கும். இவை அற்பமான வாதங்கள் இல்லை. நல்ல கலைஞர்கள் பலர் மனதார நம்புபவை.

நம்பிக்கையோடு நின்றிருந்தால் கலைஞரின் விருப்பம் என்று விட்டுவிடலாம். அது விதியாகவும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பல நாட்டுப் புகைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபியாப், பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் 2014-இல் ‘இயற்கைப் புகைப்படம்’ என்பதற்கு ஒரு பொது வரையறையை ஒப்புக்கொண்டன. மனிதக் கூறுகள் படத்தில் இருக்கக் கூடாது. இயற்கைக் கதையின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு அவர்கள் காட்டும் உதாரணம், மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிவிட்ட கூகையும் நாரையும். மனிதர் வளர்க்கும் பயிர்வகைத் தாவரங்களுக்கும் அந்தப் பிரிவில் இடமில்லை. நம் நாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிகள் பலவும் இந்த விதிகளின்படியே நடக்கின்றன. களஞ்சியத்தில் கூடுகட்டிய கூகைக்குக் களஞ்சியம் அனுமதிக்கப்படுகிறது. ஆனால், எவரோ நட்டு, நீரூற்றி, மேடை கட்டி, ஊரே சுற்றிவந்து வளர்த்த அரசமரம் அந்த வாசலில் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. மரத்தைப் புரிந்துகொள்ளாத இடத்திலிருந்து பிறந்த விதி இது.

பெருமரப் புகைப்படக் கலை தொடங்கிய இடத்துக்கே போய்ப் பார்ப்போம். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் கலிபோர்னியாவின் மாரிபோசா தோப்பில் ‘கிரிஸ்லி ஜயன்ட்’ என்ற செக்கோயா மரத்தைப் படமெடுத்தார். 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனார். தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, கூடாரத்துக்குள்ளேயே கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தில் அவர் ஆட்களை விலக்கவில்லை. மரத்தடியில் மனிதர்கள் நிற்கிறார்கள். அந்தத் தோப்பின் காவலராகப் பின்னாளில் ஆன கேலன் கிளார்க்கை அதே மரத்தடியில் நிறுத்தி எடுத்த படமும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தவர்கள் அந்த மரத்தின் பருமனை நம்பியது அடியில் நின்ற அந்தச் சிறிய உருவங்களால்தான். 1864 ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்திட்ட யோசெமிட்டி சட்டம் மாரிபோசா தோப்பையும் பொதுச்சொத்தாகக் காத்தது. அதற்கான சூழலை உருவாக்கியதில் வாட்கின்ஸின் படங்களுக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆள் நின்றதால் மரத்தின் மாட்சி குறைந்துவிடும் என்போர் இந்தத் தொடக்கத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அதே படங்களில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். வாட்கின்ஸ் போவதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1851-இல், மாரிபோசா படை யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பழங்குடிகளை விரட்டியடித்தது. மீவோக் முதலிய அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறு தீ வைத்துக் காட்டின் அடிப்புதரை ஒழுங்குபடுத்தி வந்தவர்கள். செக்கோயாவின் கூம்புக்காய் விரிந்து விதை கொட்டச் சூடு வேண்டும். விதை முளைக்கக் குப்பை நீங்கிய வெறும் மண்ணும் மேலிருந்து வெளிச்சமும் வேண்டும். மனிதர் தொடாத காடு என்ற கற்பனை வென்றபோது தீயும் தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அடக்கிவைத்த தீயின் கணக்கில் அடிப்புதர் மண்டியது. 2020-இன் காசில் தீயில் மட்டும் உலகின் பெரிய செக்கோயாக்களில் பத்திலிருந்து பதினான்கு விழுக்காடு வரை மாண்டன என்று மதிப்பிடப்பட்டது. புதர் மண்டியதோடு வறட்சியும் வெப்பமும் சேர்ந்துகொண்ட அழிவு அது. 2022 ஜூலையில் வாஷ்பர்ன் தீ மாரிபோசா தோப்பையே நெருங்கியபோது, கிரிஸ்லி ஜயன்டைச் சுற்றி நீர்த்தெளிப்பான்கள் வைக்கப்பட்டன. 1970-களிலிருந்து அங்கே திட்டமிட்டு வைத்துவந்த சிறு தீக்கள் அப்போது தோப்பைக் காத்தன. புகைப்படம் மட்டுமே இத்தனைக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆளில்லாத காடுதான் தூய காடு என்று கண்ணைப் பழக்கியதில் அதற்குப் பங்குண்டு. தீ நெருங்கிய அந்த நாட்களில் எடுத்த உண்மையான படத்தில் நீர்த்தெளிப்பான் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு எடுப்பவர், அந்த மரம் எதனால் உயிரோடு இருக்கிறது என்பதையே ஒதுக்குகிறார்.

அடுத்து அளவு. வைட் ஆங்கிள் லென்ஸை வேரோடு வைத்து அண்ணாந்து எடுத்தால் மாட்சி வரும் என்கிறார்கள். வருவது லென்ஸின் மாட்சி. அருகிலுள்ள அடிமரம் ஊதிப் பெருக்கும், உச்சி ஊசியாகக் கூம்பும், எந்த மரமும் ஒரே மரமாகிவிடும். இலங்கையின் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை (பாவோபாப்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிச்சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். உயரமோ 8 மீட்டருக்கும் குறைவு. அகலத்தில் அரசாளும் மரம் அது. அதைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்துக் கோபுரமாக்கினால் அந்த மரத்தின் தனித்தன்மை முழுக்கப் போய்விடும். சற்றே பின்வாங்கி, கண்மட்டத்தில் கேமராவை வைத்து, பக்கத்தில் ஒருவரை இயல்பாக நிற்கவிட்டு எடுத்தால், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டியணைக்கத் திணறும் உடல் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

மரம் எவ்வளவு பெரிது என்பது படத்தில் தானாகத் தெரிவதில்லை. வெண்பனியில் தனித்து நிற்பது நாற்பதடி மரமா இருநூறடி மரமா என்று எவராலும் சொல்ல முடியாது. நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் 2012 டிசம்பர் இதழுக்காக மைக்கேல் நிக்கல்ஸ் ‘பிரசிடென்ட்’ என்ற செக்கோயாவை எடுத்த விதம் இதற்குச் சான்று. 3,200 வயது, 75 மீட்டர் உயரம். அண்ணாந்து எடுத்தால் கூம்பிவிடும் என்பதால் கேமராவையே கயிற்றில் மேலே ஏற்றி, மட்டம் மட்டமாக எடுத்த 126 படங்களை ஒன்றாகச் சேர்த்தார். கிளைகளுக்கிடையில் மரமேறும் ஆய்வாளர்கள் தொங்குகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் கணத்தில்தான் பார்ப்பவருக்கு மூச்சு நிற்கிறது. கண் மனிதரிடம் ஓடும் என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். ஓடட்டும். ஓடிய கண் அங்கிருந்து மரத்தை அளக்கத் தொடங்குகிறது. மனிதரைத் தொட்டுவிட்டு மரத்துக்குத் திரும்பும் அந்தப் பயணத்தில்தான் பிரமிப்பு பிறக்கிறது.

இரண்டாவது வாதம் காலத்தைப் பற்றியது. பழமரம் மனிதக் காலத்துக்கு அப்பாற்பட்டது, அதனால் மனித அடையாளங்களை நீக்க வேண்டும் என்கிறார்கள். நம் பகுதியின் பழமரங்களில் பலவும் இதற்கு நேர் எதிரான சாட்சி சொல்கின்றன. அநுராதபுரத்து ஜய ஸ்ரீ மகா போதி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்று மகாவம்சம் சொல்கிறது. மனிதர் நட்டதாக ஆண்டுக் குறிப்போடு போற்றப்படும் மரங்களில் மிகப் பழையது அது. அதன் கிளைகளைப் பொன்முலாம் பூசிய தாங்குகோல்கள் தாங்குகின்றன. சுற்றிலும் மதில், காவல், அன்றாடப் பூசை. அந்தத் தாங்குகோல்களை ஒதுக்கி, இலைகளுக்கு நடுவே ஒளிக்கற்றை விழுமாறு ஒரு படம் எடுத்தால் அது அழகாக இருக்கும். ஆனால் ஓர் அரசமரக் கிளையை இரண்டாயிரம் ஆண்டுகள் விழவிடாமல் பிடித்துவந்த கைகள் அதில் இல்லை. அந்த மரத்தின் மாட்சியே அந்தக் கைகள்தாம்.

கொல்கத்தாவை அடுத்த ஹௌரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்து, அதன் அடிமரம் 1925-இல் அகற்றப்பட்டது. இன்று அது ஆயிரக்கணக்கான விழுதுகளால் மட்டும் நிற்கிறது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் அடிமரமும் 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது; அதுவும் விழுதுகளால்தான் வாழ்கிறது. தனித்த ஒற்றை உடலாக மரத்தைக் காட்டும் சூத்திரம் இங்கே முற்றிலும் தோற்றுப்போகிறது. நடுவே நாயகன் இல்லாத மரம் இது. ஆலை எடுக்க வேண்டும் என்றால் நடந்துகொண்டே எடுக்க வேண்டும். நிழலின் ஓரத்தைப் பின்தொடர வேண்டும். இளவிழுது மண்ணைத் தொடும் இடத்தில் குனிய வேண்டும். ஒரே படத்தில் அடக்க முடியாததை ஒரே படத்தில் அடக்கத் துடிப்பதுதான் பிழை.

தெலங்கானாவின் மகபூப்நகரில் உள்ள பில்லலமர்ரி ஆலமரத்தையும் சொல்ல வேண்டும். கரையான் அரித்து, 2017 டிசம்பரில் ஒரு பெரிய பகுதி சாய்ந்தது. பார்வையாளர்களுக்கு வாசல் மூடப்பட்டது. மறு ஆண்டு வனத்துறையினர் பூச்சிமருந்தை நீரில் கரைத்து, மருத்துவமனையில் ஏற்றுவது போலவே சலைன் பாட்டில்களில் நிரப்பிக் கிளைகளில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தொய்ந்த கிளைகளுக்குத் தாங்கிகள் கட்டினார்கள். அந்தப் படங்கள் உலகெங்கும் சென்றன. பிளாஸ்டிக் குழாயும் பாட்டிலுமாக, அழகியல் விதி எல்லாவற்றையும் மீறிய படங்கள் அவை. ஒரு முதுமரத்தின் மூப்பும் வலியும், அதை விட்டுவிட மனமில்லாத மனிதரின் பாடும் அவற்றில் ஒன்றாகத் தெரிந்தன. ஏழு நூற்றாண்டு மரம் என்று மக்கள் போற்றும் ஓர் உயிரின் காலம் அந்தப் பாட்டில்களால் சுருங்கிவிட்டதா? அதன் அடுத்த நூற்றாண்டு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின.

நம் ஊர்களுக்கு வருகிறேன். குளக்கரை அரசமரத்தடியில் நாகர் கற்கள் இருக்கும். கிளையில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய மரத்தொட்டில்கள் ஆடும். அடிமரத்தில் மஞ்சள் கயிறு சுற்றியிருக்கும். நெடுஞ்சாலைப் புளியமரத்தில் சுண்ணாம்புப் பட்டையும் நெடுஞ்சாலைத்துறையின் எண்ணும் இருக்கும். இவற்றை இடைஞ்சல் என்று பெயரிட்டு அழிக்கக் கற்றுத்தருகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தத் தொட்டில்தான் அந்தக் கிளையை வெட்டாமல் வைத்திருக்கிறது. அந்த எண், அரசின் பதிவேட்டில் அந்த மரத்துக்கு இருக்கும் ஒரே சான்று. ஆண்டுதோறும் புளி ஏலம் விடப்படுவது அந்த எண்களின் பேரில்தான். சாலையை விரிக்க வருகிறவர்கள் முதலில் எண்ணுவதும் அவற்றைத்தான். சுந்தர ராமசாமி 1966-இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை வெளியிட்டபோது, மரத்தை நடுவில் நிறுத்திச் சுற்றியிருந்த கடைத்தெருவின் வாழ்க்கை முழுவதையும் எழுதினார். மரத்தின் பெருமையைச் சொல்ல நம் மொழியின் நாவல் கண்ட வழி அது. நம் கேமராக்கள் மட்டும் ஏன் அந்தக் கடைத்தெருவைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும்?

ஒளியிலும் இதே பிடிவாதம். விடியலும் அந்தியுமே நல்ல ஒளி என்கிறார்கள். பெரிய ஆலின் பெரும்பணி நிழல்; அந்தப் பணி நடக்கும் வேளை உச்சிப்பொழுது. நண்பகலில் அதன் கீழே ஆட்டுமந்தை படுத்திருக்கும், இளநீர் வண்டி நிற்கும், வேலை முடித்த பெண்கள் தலைச்சுமையை இறக்கியிருப்பார்கள். அப்போது எடுப்பது கடினம், ஒப்புக்கொள்கிறேன். வெயில்பட்ட தரைக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை கேமரா தாங்காது. ஒன்று தரை வெளிறும், இல்லையேல் நிழல் கரியாகும். அதற்கு வழி இருக்கிறது. மெல்லிய மேகம் சூரியனை மூடும் வரை பொறுத்திருங்கள். நிழலின் முழு அகலமும் ஃபிரேமுக்குள் வரும் தூரத்துக்குப் பின்வாங்குங்கள். ட்ரைபாடில் நிறுத்தி, நிழலுக்கு ஒன்றும் வெளிச்சத்துக்கு ஒன்றுமாக இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேருங்கள். மேகமூட்டத்தில் பட்டையின் ஒவ்வொரு வடுவும் தெரியும்: தழைக்காகக் கிளை கழித்த இடம், அது பொருக்குத் தட்டி மூடிய விதம், எந்தக் காலத்திலோ அறைந்த ஆணியை மரம் விழுங்கிய முடிச்சு. பனிமூட்டம் மறைப்பது இவற்றைத்தான். முதுமரத்தின் முகச்சுருக்கத்தை மறைத்துவிட்டு முதுமையைப் போற்றுவதாகச் சொல்ல முடியாது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு கடுமையான கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். மனிதரும் மரமும் சேர்ந்த பழைய படங்கள் எவை? வெட்டிச் சாய்த்த செக்கோயாவின் மேல் வரிசையாக நின்று மார்நிமிர்த்தும் மரவெட்டிகளின் படங்கள். 1891-இல் வெட்டப்பட்ட ‘மார்க் ட்வைன்’ மரத்தின் குறுக்குத்துண்டுகள் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் காட்சிக்குப் போயின. இன்றைக்கோ வேர்களை மிதித்து, கிளையில் ஏறி, தன் முகத்தை முன்னால் நீட்டிச் செல்ஃபி எடுப்பவர்கள். மனிதரை உள்ளே விட்டால் இவர்கள்தானே வருவார்கள்?

வருவார்கள். அவர்களும் அந்த மரத்தின் வரலாற்றில் இருக்கிறார்கள். மரவெட்டிகளின் அந்தப் படங்கள் இல்லையென்றால் எதை இழந்தோம் என்பதற்கு இன்று நம்மிடம் கண்கண்ட சாட்சி ஏது? மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று பார்ப்பது போதாது. அவர் மரத்திடம் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு நொடி போஸ் கொடுக்க வந்தவரும் நாள்தோறும் அங்கே விளக்கேற்றுபவரும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காணப் புகைப்படக்காரர் மரத்தடியில் நெடுநேரம் இருக்க வேண்டும், பேச வேண்டும், பெயர் கேட்க வேண்டும், படமெடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும். ஆளை விலக்கும் விதி இந்த உழைப்பிலிருந்து கலைஞரைத் தப்பிக்க வைக்கிறது. கலைஞருக்கு அது செய்யும் பெருங்கேடு இது.

மூன்றாவது வாதம், ஆளில்லாத படம் மரத்தைக் காக்கும் என்பது. நடந்ததைப் பார்ப்போம். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், பியேய் ஊரின் வயல்வெளியில் சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரம் ‘தத்துவ மரம்’ என்ற பெயரில் படமாகிப் படமாகிப் புகழ்பெற்றது. எடுக்க வந்தவர்கள் விளைநிலத்தை மிதித்தார்கள், எச்சரித்தும் கேட்கவில்லை. மரம் மூத்துத் தளர்ந்தும் இருந்தது. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரரே அதைச் சாய்த்தார். படம் எதிலும் இடம்பெறாத ஒருவர் கையில்தான் அந்த மரத்தின் உயிர் இருந்திருக்கிறது. நியூசிலாந்தின் வானாக்கா ஏரிக்குள் தனித்து நிற்கும் வில்லோ மரமும் அப்படிப்பட்ட படங்களால் உலகப்புகழ் பெற்றதுதான். 2020 மார்ச்சில் எவரோ அதன் தாழ்ந்த கிளைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். உலகின் மிக உயரமான மரமான, கலிபோர்னியாவின் ஹைபீரியனைத் தேடிப் போனவர்கள் அடிமண்ணை மிதித்தே கெட்டியாக்கி, அதன் அடியில் செடிகொடி முளைக்காதபடி செய்தார்கள். 2022-இல் அது நிற்கும் தேசியப் பூங்காவின் நிர்வாகம் அந்தப் பகுதியை மூடி, மீறுவோருக்கு அபராதமும் சிறையும் அறிவித்தது. தனிமரப் படம் பார்ப்பவரிடம், அங்கே எவரும் இல்லை, நீ போய் நிற்கலாம் என்று சொல்கிறது. உழவரும் வேலியும் காவலரும் படத்தில் இருந்தால், இந்த மரத்துக்கு ஆள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டு வா என்று சொல்லும்.

பெத் மூன் 14 ஆண்டுகள் உலகைச் சுற்றி எடுத்து, 2014-இல் ‘ஏன்ஷியன்ட் ட்ரீஸ்’ என்ற நூலாக வெளியிட்ட பிளாட்டினப் படங்களை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. மடகாஸ்கர் பெருக்கமரங்களின் தோலை அவர் அச்சிட்டுக் காட்டிய நுட்பத்துக்குத் தலைவணங்குகிறேன். ஒரு கலைஞர் தன் தேடலில் கண்ட வழி அது. அதை எல்லோருக்குமான இலக்கணமாக்கிக் கற்றுத்தருவதைத்தான் மறுக்கிறேன். டயேன் குக், லென் ஜென்ஷல் இருவரும் 2017-இல் வெளியிட்ட ‘வைஸ் ட்ரீஸ்’ நூலில், வாரணாசியில் துணி உடுத்தி, அம்மன் முகம் பதித்து, கோயிலுக்குள் குடியிருக்கும் வேம்பு இருக்கிறது. அதுவும் மாட்சிதான். இந்த இரண்டாவது மரபை நம் பயிற்சி வகுப்புகள் பேசுவதே இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நேரடியானவை. போட்டி நடத்தும் சங்கங்கள் பழமரங்களுக்கு அந்த மனிதக்கூறுத் தடையை நீக்க வேண்டும். கூகைக்குத் தந்த விலக்கை ஆலுக்கும் அரசுக்கும் புளிக்கும் தர வேண்டும். நடுவர்கள் கணினியில் அழிக்கப்பட்ட கம்பியையும் மேடையையும் திருத்தமாகக் கருதாமல் பொய்ச்சாட்சியாகக் கருத வேண்டும். பத்திரிகைகள் மரத்தின் படத்தோடு ஊர், இனம், காப்பவர் யார் என்ற விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மிதிபடும் ஆபத்து உள்ள காட்டுமரமானால் இடத்தை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். படமெடுப்பவர்கள் ஒரே மரத்துக்கு வெவ்வேறு பருவங்களில் திரும்பிப் போக வேண்டும். ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் படவரிசை, எந்தக் கிளை போயிற்று, எந்த விழுது ஊன்றியது என்பதற்கு ஆதாரமாகும்.

ஹைதராபாத்–பீஜப்பூர் சாலையில் செவெல்லா வட்டாரத்தின் 900-க்கும் மேற்பட்ட ஆலமரங்களுக்காக மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராடினார்கள். அப்படிப்பட்ட இடங்களில் எழும் முதல் கேள்வி, இந்த மரம் யாருக்கு வேண்டும் என்பது. சாலையை அழித்து, பேருந்துக்குக் காத்திருப்பவரை அழித்து, எண்ணையும் அழித்து எடுத்த படத்தால் அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லும் பதில் தர முடியாது. அடுத்த முறை மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எழுந்துபோகச் சொல்லாதீர்கள். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.